இத்தாலி ஸ்கூட்டர் டூர் நம்ம ஊர்லயே: திருமங்கலத்துல இருந்து ஒரு நாள், தலைக்கு 845 ரூபாய்

இத்தாலியில டஸ்கனின்னு ஒரு பகுதி. வெஸ்பா ஸ்கூட்டர் 1946-ல பொறந்த பொன்டெதெரா ஊரும் அங்கதான் இருக்கு. அங்க மலைமேல இருக்கிற பழைய ஊர்களுக்கு, முன்னால ஒரு கைடு ஸ்கூட்டர்ல போக, பின்னால நாம வெஸ்பாவுல போற மாதிரி ஒரு நாள் டூர் நடத்துறாங்க. இந்த வீடியோக்களைப் பாத்துட்டு "எவ்வளவு ஆகும்?"னு நம்ம சேனல்ல நிறைய பேர் கேட்டிருந்தீங்க.

ஆரம்பச் செலவை மட்டும் சொல்றேன். ஷெங்கன் விசா கட்டணம் 90 யூரோ. நம்ம லைசென்ஸோட, ஆர்டிஓ ஆபீஸ்ல 1,000 ரூபாய் கட்டி எடுக்கிற இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட்டும் வேணும். விமான டிக்கெட், ரூம், டூர் கட்டணம் எல்லாம் இதுக்கு மேலதான். ஆசை இருக்கிறவங்க தனியா ஒரு ஆர்டி போட்டு மெதுவா சேருங்க. அதுவரைக்கும் சும்மா இருக்கணுமா என்ன? ஸ்கூட்டர், கைடு, மலை, ஆயிரம் வருஷத்துப் பழமை, இது நாலும் திருமங்கலத்தைச் சுத்தியே இருக்கு.

நாங்க நாலு பேர், ரெண்டு ஸ்கூட்டர். ஒண்ணு சொந்தம், இன்னொண்ணு மதுரையில வாடகைக்கு எடுத்தது. தொல்லியல் படிச்ச ஒரு தம்பி கைடா தன்னோட பைக்லயே வந்தார். காலையில ஆறு மணிக்குக் கிளம்பி செக்கானூரணி போயி, அங்க இருந்து மதுரை பக்கமாத் திரும்புனா முதல்ல கொங்கர் புளியங்குளம்.

பாறைக்கு அடியில குகை. மழைத் தண்ணி உள்ள வராம இருக்க, மேல விளிம்புல ஒரு காடி வெட்டியிருக்காங்க. கீழ சமண முனிவர்கள் படுக்கிறதுக்கு வரிசையா கல்படுக்கைகள். காடிக்குப் பக்கத்துல தமிழ் பிராமி எழுத்து, ரெண்டாயிரம் வருஷத்துக்கும் பழசு. அதுல யார் கொடுத்த தானம்னு எழுதியிருக்குன்னு தம்பி வாசிச்சுக் காட்டினார். எனக்கு அது நன்கொடை ரசீது மாதிரிதான் தெரிஞ்சது! மதுரைக்கு அந்தப் பக்கம் அழகர்மலை குகையில உப்பு வணிகர், வெல்ல வணிகர், கலப்பைக் கொழு விக்கிற வணிகர்னு தொழிலோடவே பேர் இருக்கு. இத்தாலியில சான் ஜிமிஞானோ ஊர்ல இன்னைக்கும் நிக்கிற கல் கோபுரங்களும் காசு பாத்த குடும்பங்கள் கட்டினதுதான். அவங்க தங்களுக்காகக் கட்டினாங்க, நம்மாளுங்க அடுத்தவங்க படுக்கிறதுக்கு வெட்டிக் கொடுத்தாங்க. கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு.

அடுத்து பல்கலைக்கழகம் தாண்டி, நாகமலை புதுக்கோட்டை வழியா கீழக்குயில்குடி. இந்த டூர்ல ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்குன்னா இங்க போங்க. அடிவாரத்துல அய்யனார் கோவில், தாமரைக் குளம், ஆலமரம். பாறையில வெட்டின படியில ஏறினா பேச்சிப்பள்ளம். சுனைக்கு மேல பாறையில வரிசையா தீர்த்தங்கரர் சிற்பங்கள், அதுக்குக் கீழ வட்டெழுத்து. அச்சணந்தின்னு ஒரு சமண முனிவர். அவரோட அம்மா குணமதி செய்வித்த சிற்பம்னு ஒண்ணுல இருக்கு. சுத்துவட்டாரத்துல பல மலைகள்ல அச்சணந்தி பேர் இருக்கு. அம்மா பேரையும் கல்லுல பாத்தப்ப எங்க கூட வந்த அக்கா கொஞ்ச நேரம் அங்கயே உக்காந்துட்டாங்க. இன்னும் மேல ஏறினா, பாண்டியன் பராந்தக வீரநாராயணன் காலத்து மாதேவி பெரும்பள்ளி. இப்போ அடித்தளம்தான் மிச்சம்.

மலையோட இன்னொரு பக்கம் செட்டிப்புடவு. குகை வாசல்ல பெரிய தீர்த்தங்கரர் சிற்பம். உள்ள குனிஞ்சு பாத்தா, சிங்கத்து மேல உக்காந்து, யானை மேல வர்றவனோட சண்டை போடுற ஒரு பெண் தெய்வம். கைடு இல்லாமப் போனா வாசல்ல போட்டோ எடுத்துட்டுத் திரும்பிடுவோம். அந்த 1,500 ரூபாய் இங்கயே வசூலாயிடுச்சு.

முத்துப்பட்டி பெருமாள்மலை சின்ன இடம், அரைமணி நேரம் போதும். அங்க உள்ள கல்வெட்டுல முசிறின்னு ஒரு ஊர்ப்பேர் வருது. சேரநாட்டுத் துறைமுகம் முசிறிதான் அதுன்னு சொல்றவங்க உண்டு. ரோமாபுரிக் கப்பல் வந்த துறைமுகம் அது! முசிறிக் கடல் வணிகத்துக்காக எழுதின ஒரு கடன் பத்திரம், பாப்பிரஸ் தாள்ல, 2-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது, இன்னைக்கும் வியன்னாவுல இருக்கு. நம்ம சேனலுக்கு ஏத்த சங்கதி, தனி வீடியோ போடுறேன்.

அப்புறம் திருப்பரங்குன்றம். குடைவரைக் கோவில் 8-ம் நூற்றாண்டு. சாமி கும்பிட்டு, சாப்பிட்டு வீட்டுக்கு. வழியில கப்பலூர் டோல்கேட் வந்தாலும் டூவீலருக்குக் கட்டணம் கிடையாது. கார்ல வந்திருந்தா அது வேற கதை, திருமங்கலத்துக்காரங்களுக்குத் தெரியும்.

இப்ப கணக்கு. சுமார் 60 கிலோமீட்டர், ரெண்டு வண்டிக்கும் பெட்ரோல் 280. வாடகை ஸ்கூட்டர் 600. கைடு 1,500. காலை டிபனும் டீயும் 360, மதியச் சாப்பாடு 640. மொத்தம் 3,380, தலைக்கு 845.

ஆனா இந்த 845-ல வராத ஒரு செலவு இருக்கு. வாடகைக்கு வண்டி தேடும்போது ஒருத்தர் 350 ரூபாய்க்குத் தர்றேன்னார். போயி பாத்தா வெள்ளை நம்பர் பிளேட். சட்டப்படி வாடகைக்கு விடுற ஸ்கூட்டர்ல கருப்பு பிளேட்டுல மஞ்சள் எழுத்து இருக்கும். சொந்த உபயோக வண்டியோட பாலிசியில, கூலிக்கோ வாடகைக்கோ பயன்படுத்தக் கூடாதுன்னு தெளிவா எழுதியிருக்கும். யார் மேலயாவது மோதிட்டா, இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பைத் தட்டிக் கழிக்கவோ, கட்டின பணத்தைத் திருப்பி வசூலிக்கவோ வழி இருக்கு. மிச்சமான 250 ரூபாய்க்காக லட்சக்கணக்குல கோர்ட்டுக்கு அலையணுமா?

சரி, மச்சான் வண்டியை இரவல் வாங்கிட்டுப் போறோம்னா? அதுலயும் ரெண்டு விஷயம் பாருங்க. 15 லட்ச ரூபாய் விபத்து காப்பீடு பாலிசி விதிப்படி உரிமையாளரே ஓட்டினாத்தான். ஆர்சியில பேர் மச்சானோடது, ஓட்டுறது நீங்கன்னா அது உங்களுக்குன்னு நம்பி இருக்க முடியாது. அடுத்து, பின்னால உக்காந்திருக்கிற தங்கச்சி. வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தா (75-லிருந்து 150 சிசி வரைக்கும் 2022-ல நிர்ணயிச்ச பிரீமியம் 714 ரூபாய்), பின்னால உக்காந்து வர்றவங்க அதுல அடங்க மாட்டாங்க. 2006-ல திலக் சிங் வழக்குல உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிடுச்சு. பேக்கேஜ் பாலிசியா இருந்தா அவங்களும் அடக்கம். இந்தப் பயணத்துல பாதிப் பேர் பின்சீட்லதான் வருவாங்க, அதனால கிளம்புறதுக்கு முந்தின நாளே பாலிசியை எடுத்துப் படிச்சிடுங்க.

ஓட்டுறவங்களும் பின்சீட்காரங்களும் பேங்க்ல பிரதான் மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா இருக்கான்னு பாத்துக்கங்க. வருஷத்துக்கு 20 ரூபாய், விபத்துல உயிர் போனா 2 லட்சம், 18-லிருந்து 70 வயசு வரைக்கும். நாலு பேருக்கு 80 ரூபாய், எங்க டீ செலவை விடக் கம்மி. ரெண்டு லட்சம் ஒரு குடும்பத்துக்குப் பத்தாது, நிஜம்தான். அதனால தனி விபத்து பாலிசியும் டேர்ம் இன்சூரன்ஸும் வேணும். ஹெல்மெட் ரெண்டு பேருக்குமே.

தனியா கைடு வைக்க வசதிப்படலைன்னா, எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் 2010-ல ஆரம்பிச்ச பசுமை நடை குழு இந்த மலைகளுக்கெல்லாம் கூட்டிட்டுப் போறாங்க, தொல்லியல் அறிஞர்களே வந்து விளக்குவாங்க. நீங்களாப் போறதா இருந்தா மார்கழி, தை மாசம் நல்லது. பாறை சூடாகுறதுக்குள்ள, பத்து மணிக்கு முன்னாடி கீழக்குயில்குடி ஏறி இறங்கிடுங்க. மேல கடை கிடையாது, ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி கட்டாயம்.