காயலான் கடைக்காரர் ஏற்காதவை

வீட்டுக் குப்பையைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் உள்ளவர்கள், எந்த வஸ்துவை விலக்குவது, எதற்கு மாற்றுத் தேடுவது என்று அறிந்துகொள்ளப் பெரிய நூல்களைப் புரட்ட வேண்டிய அவசியமில்லை. தெருமுனையில் தராசுடன் அமர்ந்திருக்கும் காயலான் கடைக்காரர் எதை விலை கொடுத்து வாங்குகிறார், எதைத் தொடாமலே ஒதுக்குகிறார் என்பதைச் சற்றுக் கவனித்தாலே போதும். செய்தித்தாளும் அட்டைப் பெட்டியும் இரும்பும் பித்தளையும் அவரிடம் என்றும் மதிப்புள்ளவை. தண்ணீர் பாட்டிலும் முறிந்த வாளியும், கழுவி உலர்த்தி மடித்த பால் கவரும்கூடக் கிலோக் கணக்கில் விலைபோகின்றன. ஆனால் பிஸ்கட்டைச் சுற்றிவந்த பளபளப்பான உறையையும், ஷாம்புப் பொட்டலத்தையும், தெர்மாகோல் தட்டையும், தேநீர் குடித்துக் கசக்கிய காகிதக் கோப்பையையும் இனாமாகக் கொடுத்தாலும் அவர் வாங்கமாட்டார். அவர் ஏற்காதது எதுவோ அதுவே உண்மையான குப்பை என்பதும், நம்முடைய சீர்திருத்தம் அந்த இடத்திலிருந்து ஆரம்பமாக வேண்டும் என்பதும் என் துணிபு.

ஷாம்புப் பொட்டலத்தையே எடுத்துக்கொள்வோம். செல்வர் வீட்டுச் சௌகரியங்கள் ஏழைக்கும் எட்ட வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு, சரக்கைச் சிறு பொட்டலங்களில் அடைத்து விற்கும் முறையைக் கடலூரில் சின்னிகிருஷ்ணன் என்பவர் புகுத்தினார். அவருடைய புதல்வர்கள் காலத்தில் அம்முறை ஷாம்புவோடு நாடெங்கும் பரவியது. அந்த எண்ணத்தில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய அந்த மெல்லிய உறையைப் பிரித்தெடுத்து மறுபடியும் உருக்குவது லாபகரமான காரியமாக இல்லாமையால், ஒரு நிமிஷ உபயோகத்துக்குப் பிறகு அது சாக்கடையிலும் ஏரிக்கரையிலும் தலைமுறை தலைமுறையாகக் கிடக்கிறது. அன்றன்றைய கூலியில் அன்றன்றைக்கு வாங்குகிறவரை இதற்காகக் கடிந்துகொள்வது நியாயமன்று. மாதச் சம்பளம் வாங்கும் குடும்பங்களாவது பெரிய புட்டியாக வாங்கினால், தீர்ந்தபின் அந்தப் புட்டிக்குக் காயலான் கடையில் விலை உண்டு. சீயக்காயையும் அரப்பையும் அரைத்து டப்பாவில் வைத்துக்கொள்கிறவர்களுக்கோ புட்டிக்கே அவசியமில்லை.

நிற்க. காயலான் கடைக்காரர் வாங்காத பொருள்களில் எடையால் முதன்மையானது பிளாஸ்டிக் அன்று. நம் அடுக்களையிலிருந்து தினந்தோறும் வெளியேறும் காய்கறித் தோலும், வடித்துக் கொட்டிய காப்பித்தூளும், மீந்த சோறுமே. சென்னை மாநகரம் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பையை வெளியேற்றுகிறது. அதில் ஏறக்குறைய பாதி இத்தகைய ஈரக் கழிவு. வெயிலும் காற்றும் பட்டால் மண்ணாகிவிடக்கூடிய இந்தச் சாதுவான பொருள், பிளாஸ்டிக் பையில் முடிச்சிடப்பட்டு, கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் குப்பை மலையின் அடியில் காற்றில்லாமல் புதையுண்டு அழுகும்போதுதான் மீத்தேன் என்னும் வாயுவாக மாறுகிறது. அவ்வாயு எளிதில் தீப்பற்றக்கூடியது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைப் போல் சுமார் 28 மடங்கு உஷ்ணத்தைப் பிடித்துவைக்க வல்லது. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு தீப்பற்றிச் சுற்றுப்புறத்தார் மூச்சுத் திணறினார்கள். அம்மேட்டை அடுத்திருக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் அதே ஆண்டில்தான் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது என்பதை எண்ணும்போது மனம் வேதனைப்படுகிறது.

ஆகையால், ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்று சொல்கிறவரிடம், ஈரக் கழிவை வீட்டைவிட்டு வெளியே அனுப்பாதீர்கள் என்றே சொல்லுவேன். இதற்குத் தோட்டம் வேண்டியதில்லை; பக்கவாட்டில் துளையிட்ட மண்பானையோ பழைய வாளியோ ஒன்றும், அதை வைப்பதற்குப் பால்கனியில் ஒரு மூலையும் இருந்தால் போதும். அடியில் சருகோ தென்னை நார்க்கழிவோ ஒரு சாண் பரப்பி, அன்றன்றைய தோலையும் தழையையும் சிறிதாக நறுக்கிப் போட்டு, ஒவ்வொரு முறையும் அதே அளவு சருகால் மூடி, புளித்த மோர் சிறிது தெளித்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும். துர்நாற்றம் வீசினால் ஈரம் மிகுந்து காற்று புகவில்லை என்று பொருள். இன்னும் இரண்டு கை சருகு போட்டுக் கிளறினால் மறுநாளே அடங்கிவிடும். கொழுத்த சாம்பல் நிறப் புழுக்கள் நெளிவதைக் கண்டு பலர் இந்த முயற்சியையே கைவிட்டுவிடுகிறார்கள். அவை ஒருவகை ஈயின் புழுக்கள், தீங்கற்றவை, நமக்காக வேலை செய்பவை. ஒரு மாதமாக இட்டு நிரப்பிய பானை அடுத்த மாதம் பாதியாகத் தணிந்திருப்பதையும், மூன்றாம் மாதம் கறுத்துப் பொலபொலவென்று புதுமழை மணத்தோடு உதிர்வதையும், விதைக்காமலே அதில் தக்காளிக் கன்று தலைகாட்டுவதையும் கண்ட குடும்பத்தார், பிறகு ஒருபோதும் வாழைப்பழத் தோலைக் குப்பைவண்டியில் போட ஒப்பமாட்டார்கள். ஈரமற்ற எஞ்சிய குப்பையைக் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளருக்கும் இது பேருபகாரம். நாறிய சோற்றுக்கிடையே மறைந்திருக்கும் கண்ணாடித் துண்டு கிழித்த கைகள் எத்தனையோ!

பையைப் பற்றி அரசாங்கமே பேசிவிட்டது. 2018 ஜூனில் அறிவித்து 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழகம் விலக்கியது; 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. ஆனால் துணிபோலத் தோற்றமளித்து நம்மை ஏமாற்றும் ஒரு பை இன்னும் கடைகளில் உலவுகிறது. அதன் ஓரத்தைப் பிரித்துப் பாருங்கள்: நூல் வராது; பாவும் ஊடும் இல்லை; புள்ளிபுள்ளியாக அழுத்தி ஒட்டிய பிளாஸ்டிக் இழைதான். ஒரு நுனியைத் தீக்குச்சியில் காட்டினால், பருத்தியைப் போல் சாம்பலாகாமல் சுருண்டு உருகி மணியாகத் திரளும். விலக்கப்பட்ட 14-ல் அதுவும் ஒன்று. அசல் பருத்திப் பையானாலும் கடைக்குக் கடை புதிதாக வாங்கிக் குவிப்பது பிரயோஜனமற்றது. பருத்தி விளைவிக்கவும் நூற்கவும் ஆகும் செலவைக் கணக்கிட்ட டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் முகமை, தட்பவெப்ப விளைவை மட்டும் பார்த்தாலும், ஒரு பருத்திப் பையை 52 தடவை உபயோகித்தால்தான் அது பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும் என்று 2018-இல் கண்டது. பழைய வேட்டியிலும் கிழிந்த புடவையிலும் வீட்டிலேயே தைத்துக்கொண்டு, நைந்துபோகும்வரை சுமக்கும் பையே உத்தமம்.

உணவைப் பொட்டலம் கட்டும் விஷயத்தில் நம் நாட்டு இலைகளுக்கு நிகர் வேறில்லை. தென்மாவட்டங்களில் மந்தாரை இலையில் மடித்த இட்லி மாலைவரை வறளாமல் இருக்கும். நாஞ்சில் நாட்டு இறைச்சிக் கடைகள் தேக்கிலையை அறியும். உடன்குடிக் கருப்பட்டி ஓலைப்பெட்டியில் பயணம் செய்தது. தேய்ப்பதற்கு முற்றிய பீர்க்கங்கூடும் தேங்காய் நாரும் இருக்க, சிறு சிறு பிளாஸ்டிக் இழைகளாக உதிர்ந்து நீரோடு போகும் செயற்கைப் பஞ்சு எதற்கு? மாதவிடாய்க்குச் சிலிக்கோன் கோப்பையோ துவைக்கும் துணியோ பழகிக்கொண்டால் குப்பைக் கூடையின் மிகக் கடினமான பகுதி ஒன்று ஒழியும். ஆனால் அதை, உபயோகிப்பவரின் உடல்நலமும் விருப்பமும் நிர்ணயிக்க வேண்டுமேயன்றிப் பிறர் நிர்ப்பந்திக்கலாகாது.

கலியாண வீடுகளைப் பார்த்தால்தான் எனக்கு மிகுந்த துக்கம் உண்டாகிறது. வாழையிலையின் இடப்பக்கத்தில் ஆளுக்கொரு சிறு தண்ணீர் பாட்டில். இரண்டு மிடறு பருகியதும் பந்தி எழுந்துவிடும். மிச்சத் தண்ணீரோடு அத்தனையும் கூடையில் விழும். வெள்ளி டம்ளர் வேண்டாம், எவர்சில்வர் டம்ளர்களை வாடகைக்கு எடுத்து, கூஜாவோடு இரண்டு பிள்ளைகளைப் பந்தியில் விட்டால், விருந்தினருக்குக் கேட்குந்தோறும் தண்ணீர் கிடைக்கும், உபசாரமும் குறைவுபடாது. சமையற்காரரிடம் முன்பணம் கொடுக்கும்போதே இதைப் பேசி முடித்துவிட வேண்டும். முகூர்த்தத்தன்று சொன்னால் நடவாது.

தினசரிக் கடைவீதியிலும் தூக்குவாளியை நீட்டக் கூச்சப்படுகிறவர்கள் அநேகர். பாத்திரத்தின் எடைக்கும் சேர்த்துப் பணம் போய்விடுமோ என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. இன்றைய மின்னணுத் தராசுகளில் வெற்றுப் பாத்திரத்தை முதலில் வைத்து, ஒரு பொத்தானை அழுத்தினால் எண் பூஜ்யத்துக்கு வந்துவிடும். அதன்பின் மாவையோ மீனையோ இடும்போது சரக்கின் எடை மட்டுமே காட்டும். தோசை மாவு, தயிர், இறைச்சி, எண்ணெய் எதற்கும் இது பொருந்தும். கேட்டுக்கொண்டால் கடைக்காரர்கள் மறுப்பதில்லை. ஒரு பிளாஸ்டிக் பையின் செலவு அவர்களுக்கும் மிச்சமாகிறதல்லவா?