ஸ்பிரிங்கை வெட்டாதீங்க! குறைந்த செலவில் காரின் ஆட்டத்தை அடக்கலாம்...

திண்டுக்கல்லில் இருந்து கொடைக்கானலுக்குக் கிளம்பிய கார் அது. வாங்கி எட்டு வருடமான ஹேட்ச்பேக். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே பின் சீட்டிலிருந்து மாமியாரின் குரல். "மாப்ளே, கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க. வயித்தைப் புரட்டுது."

ஒவ்வொரு வளைவிலும் கார் ஒரு பக்கம் சாய்கிறது, நிமிர்கிறது, மறுபடியும் ஆடுகிறது. பள்ளத்தில் இறங்கினால் அடியில் 'டொக்' என்று சத்தம். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கார் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்புகிறது. எதிரே பஸ் வரும்போது ஓட்டுபவருக்கு உள்ளங்கை வியர்க்கிறது.

காலேஜ் படிக்கும் மகன் போனை நீட்டுகிறான். "அப்பா, ஸ்பிரிங்கை ஒரு சுத்து வெட்டிட்டா போதும்ப்பா. கார் தாழ்ந்துடும். வளைவுல ரோட்டோட ஒட்டிக்கிட்டுப் போகும். செலவும் கம்மி!"

எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய காட்சிதான். மகன் சொன்னதில் கால்வாசி உண்மை இருக்கிறது. மீதி ஆபத்து. கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தில் காரின் ஹேண்ட்லிங்கைச் சரிசெய்ய நல்ல வழி உண்டு. ஆனால், எதை முதலில் செய்வது என்ற வரிசைதான் முக்கியம்.

யாருக்கு என்ன வேலை?

ஒரு காரின் நான்கு டயர்களும் ரோட்டைத் தொடும் இடம், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஓர் உள்ளங்கை அளவுதான். பிரேக் பிடிப்பதும், திரும்புவதும் அந்த நான்கு உள்ளங்கைகளின் தயவில்தான். அவை ரோட்டை விட்டு எழாமல் பார்த்துக்கொள்வதே சஸ்பென்ஷனின் வேலை.

காரின் எடையைச் சுமப்பது ஸ்பிரிங். பள்ளத்தில் அமுங்கிய ஸ்பிரிங், விட்டால் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை நிறுத்துவது ஷாக் அப்சார்பர். உள்ளே எண்ணெய் இருக்கும். சின்னச் சின்னத் துளைகள் வழியாக அந்த எண்ணெய் நெருக்கியடித்துப் போகும்போது ஆட்டம் வெப்பமாக மாறி அடங்கிவிடும். ஷாக் தேய்ந்துவிட்டால் ஆட்டம் அடங்காது. டயர் ரோட்டில் முழுசாகப் பதியாது. பிரேக் பிடித்தால் நிற்கும் தூரமும் கூடும். பின் சீட்டில் வயிறு புரட்டுவது வெறும் அசௌகரியம் அல்ல, கார் தரும் எச்சரிக்கையும்கூட!

இவை தவிர, ஆர்ம்களை பாடியோடு இணைக்கும் இடத்தில் ரப்பர் புஷ்கள் இருக்கும். வருடக்கணக்கில் வெயிலும் தண்ணீரும் பட்டு இவை வெடித்துப்போனால், பிரேக் பிடிக்கும்போது சக்கரமே லேசாகத் திசை மாறும். 'கார் யோசித்துத் திரும்புகிறது' என்ற உணர்வுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

முதல் வேலைக்குச் செலவே இல்லை!

மெக்கானிக்கிடம் போவதற்கு முன் வீட்டு வாசலிலேயே செய்ய வேண்டியவை இவை.

* டயர் காற்று: டிரைவர் கதவைத் திறந்தால் உள்பக்கத் தூணில் ஸ்டிக்கர் இருக்கும். எத்தனை பேர் ஏறினால் எவ்வளவு காற்று என்று அதில் போட்டிருக்கும். வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்பே பார்க்க வேண்டும். காற்று குறைந்தால் வளைவில் டயரின் பக்கச்சுவர் மடங்கி, கார் தள்ளாடும்.

* டயரின் வயது: பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் ஆழமாக இருந்தாலும், ரப்பர் இறுகிப்போன பழைய டயருக்கு ரோட்டைப் பிடிக்கும் சக்தி குறைவு. பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் டயரை மாற்றியே ஆக வேண்டும்.

* மேலே ஏற்றிய மூட்டை: கூரை கேரியரில் பெட்டிகளை அடுக்கினால் எடை மேலே போய், வளைவில் சாய்வு கூடும். கனமான சாமான்களை டிக்கியின் அடியில் வையுங்கள். கார் தாழ்ந்தால் கிடைக்கும் பலனில் ஒரு பங்கு இதிலேயே கிடைத்துவிடும்.

காரைப் படிக்கத் தெரியுமா?

காரின் ஒரு மூலையை இரண்டு கைகளாலும் நன்றாக அமுக்கிவிட்டுக் கையை எடுங்கள். ஒருமுறை எழுந்து நின்றுவிட்டால் சரி. இரண்டு, மூன்று தடவை ஆடினால் அந்தப் பக்க ஷாக் களைத்துவிட்டது. ஆடாமல் நின்றாலே ஷாக் நல்லது என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. ஷாக்கின் மேல் எண்ணெய் வழிந்து தூசி அப்பியிருக்கிறதா என்று பாருங்கள். டயரைச் சுற்றிக் கையால் தடவினால் மேடு பள்ளமாகத் தட்டுப்படுகிறதா? அதுவும் ஷாக் தேய்ந்ததற்கு அடையாளம். டயரின் உள் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் அல்லது புஷ்ஷில் கோளாறு. 'டொக்' சத்தத்துக்குப் பல நேரங்களில் லிங்க் ராடு போன்ற சின்னப் பொருள்தான் காரணமாக இருக்கும்.

காரை லிஃப்டில் ஏற்றி, லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், லிங்க் ராடு ஆகியவற்றைக் கம்பி கொடுத்து நெம்பிப் பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்தது எது என்று கண்ணால் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.

பணம் எங்கே போக வேண்டும்?

ஆடிப்போன புஷ்களுக்கும் ஜாயின்ட்டுகளுக்கும் முதலிடம். அவை தளர்ந்திருக்கும்போது விலை உயர்ந்த ஷாக் போட்டாலும் பலன் தெரியாது. புஷ் மாற்றும்போது ஒரு நுணுக்கம் உண்டு. கார் லிஃப்டில் தொங்கும்போதே போல்ட்டை முழுசாக முறுக்கிவிடக் கூடாது. சக்கரங்கள் எடையைத் தாங்கி நிற்கும் நிலையில்தான் கடைசி முறுக்கு. இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

அடுத்தது ஷாக். ஒன்றை மட்டும் மாற்றாமல் இடது, வலது இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும். முன்பக்கம் பிரிக்கும்போதே மேலே இருக்கும் ஸ்ட்ரட் மவுன்ட், பம்ப் ஸ்டாப், தூசி உறை மூன்றையும் பார்த்து, தேவையானதை மாற்றிவிடுங்கள். பின்னால் மறுபடி பிரித்தால் கூலி இரண்டு முறை. பழையது எண்ணெய் ஷாக் என்றால், அதே அளவில் கேஸ் நிரப்பியது கிடைக்கிறதா என்று கேளுங்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நைட்ரஜன், எண்ணெய் நுரைப்பதைக் குறைக்கும். தொடர் வளைவுகளில் ஷாக் சோர்ந்துபோகாது. பட்ஜெட்டில் செய்யக்கூடிய அசல் 'அப்கிரேடு' இதுதான். பில்லோடு வாங்குங்கள், போலி உதிரிபாகம் மலைப்பாதையில்தான் கணக்குத் தீர்க்கும்.

எல்லாம் முடிந்ததும் வீல் அலைன்மென்ட். சில நூறு ரூபாயில் முடியும் இந்த வேலையைத் தவிர்த்தால், ஆயிரக்கணக்கில் செய்த செலவு டயர் தேய்மானத்தில் கரைந்துபோகும்.

இதற்கும் மேலே பணம் இருந்தால் ஸ்டெபிலைசர் பாரைப் பற்றி யோசிக்கலாம். இடது, வலது சக்கரங்களை இணைக்கும் இரும்புக் கம்பி இது. கார் சாயும்போது முறுக்கிக்கொண்டு சாய்வைத் தடுக்கும். 20 மில்லிமீட்டர் கம்பியை 22 ஆக்கினால் விறைப்பு ஏறக்குறைய 46 சதவிகிதம் கூடும். அதனால்தான் கொஞ்சம் அதிகமானாலும் காரின் சமநிலை கெடும். முன்பக்கம் மட்டும் தடிமனாக்கினால் வளைவில் முன் சக்கரங்கள் வெளியே இழுக்கும். உங்கள் மாடலின் வேறு வேரியன்ட்டுக்குக் கம்பெனியே தரும் பார் பொருந்துமா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

வெட்டினால் என்ன ஆகும்?

ஸ்பிரிங்கை வெட்டினால் கார் தாழும், சாய்வும் குறையும். அதுவரை உண்மைதான். ஆனால், சுற்று குறைந்த ஸ்பிரிங் விறைத்துப்போகும். அதை அடக்கும் பலம் பழைய ஷாக்கில் இருக்காது. அமுங்கும் இடமும் குறைவதால் சின்ன ஸ்பீடு பிரேக்கரிலேயே பம்ப் ஸ்டாப்பில் மோதும். வளைவின் நடுவில் அப்படி மோதினால் டயர் பிடியை விட்டுவிடும். சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவும் அபாயமும் உண்டு. ஸ்பிரிங் சுற்றுகளுக்கு இடையே ரப்பர் பஃபர் செருகுவதும் தேய்ந்த ஷாக்குக்கு மருந்தல்ல.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் பணத்துக்கும் சிக்கல் வரலாம்.

இன்னொன்று... ஷாக் மாற்றும் வேலையை வீட்டிலேயே முயல வேண்டாம். அமுக்கிய ஸ்பிரிங் விடுபட்டால் எலும்பையே உடைக்கும்.

இனி அந்தக் காருக்கு வருவோம். லிஃப்டுக்கு அடியில் மகனை நிற்க வைத்து, வெடித்த புஷ்ஷை டார்ச் அடித்துக் காட்டுகிறார் மெக்கானிக். "தம்பி, இதை விட்டுட்டு ஸ்பிரிங்கை வெட்டச் சொன்னியே?" மகன் அசடு வழியச் சிரிக்கிறான். புஷ்கள், லிங்க் ராடு, நான்கு ஷாக், அலைன்மென்ட்... அத்தோடு பில் முடிகிறது.

அடுத்த பயணத்தில் அதே மலை, அதே வளைவுகள். சில்வர் காஸ்கேட் அருவி தாண்டும்போது பின் சீட்டில் சத்தமே இல்லை. அப்பா கண்ணாடியில் பார்க்கிறார். மாமியார் நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கிறார். கார் நின்றதும்தான் கண் விழிக்கிறார்.

"என்ன மாப்ளே, ஏரி வந்துடுச்சா?"