பியூஸை மாற்றுமுன் பிழையைத் தேடுவோம்

1990 இல் தீவகத்தை விட்டு வெளியேறிய எமது மக்கள், மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்தார்கள். பற்றறியும் அன்று தடைசெய்யப்பட்ட பொருள். ஆனாலும் வானொலி கேட்பதை நாம் நிறுத்தவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வீடே கூடியிருந்து செய்தி கேட்டது. அண்மையில் வேலணையில் ஒரு வீட்டுக்குப் போனபோது அந்த நாட்கள் நினைவுக்கு வந்தன.

மீளக் குடியேறிய விவசாயக் குடும்பம் அது. ஒரு போக வெங்காயக் காசில் அம்பிளிபயர் ஒன்று வாங்கியிருந்தார்கள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே மகன் ஸ்பீக்கரை முற்றத்துக்கு இழுத்திருக்கிறான். கழன்ற இரண்டு வயர் நுனிகளும் ஒன்றோடொன்று முட்டிவிட்டன. கருகல் மணம் வந்தது, சத்தம் நின்றது. தகப்பன் புதுப் பியூஸ் போட்டார், உடனே எரிந்தது. இன்னொன்று போட்டார், அதுவும் எரிந்தது.

"கடைக்காரர் இது சரிவராது, புதுசு வாங்குங்கோ எண்டுறார், சுவாமி. பியூசுக்குப் பதிலா இந்தக் கம்பியைச் சுத்தினா ஓடாதோ?" என்று கேட்டார். அவர் கையில் ஒரு செப்புக் கம்பி இருந்தது.

"பெட்டி ஓடாது ஐயா, வீடுதான் எரியும்" என்றேன். அது ஓலைக் கூரை வீடு. பியூஸ் என்பது வீட்டின் காவல்காரன். அது திரும்பத் திரும்ப எரிகிறதென்றால், உள்ளே கள்ளன் இன்னும் இருக்கிறான் என்று பொருள்.

உள்ளே நடந்தது என்ன?

ஸ்பீக்கர் வழக்கமாக 4 அல்லது 8 ஓம் தடை உடையது. வயர்கள் முட்டும்போது அந்தத் தடை இல்லாமற் போகிறது. கட்டுக்கடங்காத மின்னோட்டம் பாய்ந்து, இறுதிக்கட்ட ரான்சிஸ்ரர்கள் சூடேறி உள்ளே உருகிவிடும். உருகிய ரான்சிஸ்ரர் வெறும் கம்பி போலாகிவிடும். அதனால்தான் வெளியே வயரைப் பிரித்த பின்னும் புதுப் பியூஸ் எரிகிறது.

திருத்திய முறை

மறுநாள் தொழில் தெரிந்த இளைஞர் ஒருவரை அழைத்துச் சென்றேன். அவர் செய்ததை ஒழுங்காகத் தருகிறேன்.

முதலில் பிளக்கைக் கழற்றி, ஸ்பீக்கர்களையும் பிரித்தார். பெரிய கப்பாசிற்றர்களில் மின்சாரம் தேங்கி நிற்கும் என்பதால், அவற்றை ஒரு தடை மூலம் வடியவிட்ட பின்பே உள்ளே கை வைத்தார்.

அடுத்து, மல்ரிமீற்றரால் இறுதிக்கட்ட ரான்சிஸ்ரர்களை அளந்தார். அவை 2 என் 3055, எம்.ஜே. 2955 என்ற சோடி. கலெக்ரருக்கும் எமிற்றருக்கும் இடையே இரு பக்கமும் தடை ஏதும் இன்றிக் காட்டினால் அது எரிந்தது. ஒன்று மட்டும் எரிந்திருந்தது. ஆயினும் சோடியாகவே மாற்றினார். எமிற்றரோடு சேர்ந்த சிறு தடை ஒன்றும் கருகியிருந்தது. இந்த ரான்சிஸ்ரரின் உலோக உடலே கலெக்ரர் என்பதால், அடியில் வைக்கும் மைக்காத் தகடு கிழியாமல் இருக்கவேண்டும்.

பிறகு, சரியான அளவுப் பியூஸைப் போட்டு, அம்பிளிபயருக்குப் போகும் 230 வோல்ற் வழியில் 60 வாற் இழை பல்ப் ஒன்றைத் தொடராக இணைத்தார். பல்ப் ஒரு கணம் மின்னி மங்கினால் நல்லது. பிரகாசமாகவே எரிந்தால் ஷோர்ட் இன்னும் உண்டு. எல்.ஈ.டி. பல்ப் இதற்கு உதவாது.

கடைசியாக, ஸ்பீக்கர் முனைகளில் டி.சி. வோல்ற்றை அளந்தார். அது பூச்சியத்தை ஒட்டி இருக்கவேண்டும். சில வோல்ற் இருந்தாலும் ஸ்பீக்கரின் சுருள் கருகிவிடக்கூடும். ஸ்பீக்கரை 1.5 வோல்ற் பற்றறியால் ஒரு கணம் தொட்டுப் பார்த்தார். "டக்" என்றது, அது தப்பியிருந்தது.

மாலையில் பெட்டி பாடியது. புதியது வாங்கும் விலையில் மிகச் சிறிய பங்குதான் செலவு.

சில சிறிய பெட்டிகளில் டி.டி.ஏ. 2030 போன்ற ஐ.சி. இருக்கும். அதற்குத் தற்காப்பு வசதி உண்டு. அப்படியானால் உடனே நிறுத்தி, வயரைப் பிரித்து, ஆறவிட்டுப் பாருங்கள்.

இனி வராமல் தடுக்க

எமது தீவுகளின் உப்புக்காற்றில் செப்பு நார்கள் பச்சை பூத்து ஒவ்வொன்றாக முறியும். ஒரு நார் விலகினாலே போதும். ஆகவே நுனியைச் சுரண்டி, இறுக முறுக்கி, ஈயம் ஏற்றுங்கள். பெட்டியை நிறுத்தாமல் ஸ்பீக்கர் வயரைத் தொடாதீர்கள். மூடியைக் கழற்றுவது தொழில் தெரிந்தவரின் வேலை. ஆனால் பியூஸ் ஏன் எரிந்தது என்று கேட்பது நம் ஒவ்வொருவரின் வேலை.

அன்று இளைஞரின் அருகே குந்தியிருந்து எல்லாவற்றையும் பார்த்தவன், வயரை இழுத்த அதே மகன்தான். மல்ரிமீற்றரின் முள்ளை அவன் கையில் கொடுத்து அளக்கப் பழக்கினார் இளைஞர். டைனமோ சுற்றிய தலைமுறையின் பிள்ளைகளுக்கு இது கடினமானதல்ல. உங்கள் ஊரிலும் தொழில் தெரிந்த ஒருவர் இருப்பார். அவரிடம் உங்கள் பிள்ளைகளை, ஆணோ பெண்ணோ, அனுப்பி வையுங்கள்.