சிறு விவசாயியும் ரெடிமிக்ஸ் கான்கிரீட்டும்: நியாய விலையை அறியும் வழி

வேளாண் முதலீடு என்றவுடன் விதை, உரம், பம்புசெட்டு ஆகியவையே பலரது நினைவுக்கு வருகின்றன. மாட்டுத் தொழுவத்தின் தளம், நெற்களம், சாணக்குழி, பாசனத் தொட்டி ஆகியவையும் விவசாயியின் மூலதனமே ஆகும். ஒருமுறை போட்ட தளம் விரிசல் கண்டால், புதிதாகப் போடும் செலவுடன் அதைப் பெயர்த்தெடுக்கும் செலவும் சேரும்.

2015-16 ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி, கேரளத்தில் ஒரு சாகுபடியாளரின் சராசரி நிலம் 0.18 ஹெக்டேர், அகில இந்திய சராசரி 1.08 ஹெக்டேர். திருவனந்தபுரம் மாவட்டத்தில் நெடுமங்காடு, காட்டாக்கடை, நெய்யாற்றின்கரை வட்டாரங்களில் வாழை, மரவள்ளி, ரப்பர் ஆகியவற்றுடன் ஓரிரு கறவை மாடுகளையும் வைத்துள்ள குடும்பத்திற்கு ஒரு தடவையில் தேவைப்படும் கான்கிரீட் சில கன மீட்டர்களே. இத்தகைய சிறு தேவைக்கே கன மீட்டர் ஒன்றுக்கு மிக அதிக விலை விழுகிறது. அதன் காரணத்தை அறிந்துகொண்டால் நிவர்த்தியும் புலப்படும்.

விலை உருவாகும் விதம்

சிமெண்ட் விலை ஒரு காலத்தில் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது. 1982 இல் கட்டுப்பாடு ஓரளவு தளர்த்தப்பட்டு, 1989 இல் முற்றிலும் நீக்கப்பட்டது. கான்கிரீட்டுக்கும் அரசு நிர்ணயித்த விலை இல்லை. எனவே நியாய விலை எது என்பதை வாங்குபவரே கணக்கிட்டறிய வேண்டியுள்ளது.

ரெடிமிக்ஸ் கான்கிரீட் நெடுந்தூரம் கொண்டு செல்லத்தக்க சரக்கன்று. ஐ.எஸ். 4926 (2003) தரநிர்ணயத்தின்படி, பொதுவாக லாரியில் ஏற்றிய 2 மணி நேரத்திற்குள் அது இறக்கப்பட வேண்டும். ஆதலால் அருகிலுள்ள சில நிலையங்களே விற்பனையாளர்களாக அமைய முடியும். போட்டி குறைந்த இச்சந்தையில் குறைந்தது இரண்டு, மூன்று நிலையங்களிடம் எழுத்து மூலம் விலை கேட்பது அவசியமாகும்.

விலையில் இரு பகுதிகள் உள்ளன. சிமெண்ட், எம்-சாண்ட், ஜல்லி ஆகியவற்றின் செலவு அளவுக்கேற்பக் கூடும். லாரி வந்து செல்லும் செலவோ, அது நிறைந்து வந்தாலும் பாதியாக வந்தாலும் ஏறக்குறைய ஒன்றே. விளக்கத்திற்காக ஒரு கணக்கைக் காண்போம். லாரி நடைச் செலவு 6,000 ரூபாய் என்று கொண்டால், 6 கன மீட்டர் வாங்குபவருக்கு அது கன மீட்டருக்கு 1,000 ரூபாய். 3 கன மீட்டர் வாங்குபவருக்கு 2,000 ரூபாய். குறைந்த அளவுக்கென்று நிலையங்கள் கேட்கும் கூடுதல் கட்டணத்தின் அடிப்படை இதுவே.

ஆகவே, வரி, லாரி வாடகை, குறை அளவுக் கட்டணம், பம்புக் கட்டணம், காத்திருப்புக் கட்டணம் அனைத்தையும் சேர்த்த மொத்தத் தொகையையே ஒப்பிட வேண்டும். ரெடிமிக்ஸ் கான்கிரீட்டுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். வணிக நிறுவனத்தைப் போல் இவ்வரியை ஈடுகட்டிக்கொள்ளும் வசதி சாதாரண விவசாயிக்கு இல்லாததால், வரியும் அவருக்குச் செலவே.

தளத்திலேயே கலப்பதுடனும் ஒப்பிட்டுப் பார்த்தல் நலம். 1:1.5:3 விகிதத்தில் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 8 மூட்டை சிமெண்ட் தேவை. கேரளத்தில் கூலி விகிதம் உயர்வு என்பதால், பொருள் விலையுடன் ஆட்கூலி, கலவை இயந்திர வாடகை, சேதாரம் ஆகியவற்றையும் சேர்த்த பின்னரே முடிவு செய்ய வேண்டும். ஓரிரு கன மீட்டர் வேலைக்குத் தளத்தில் கலப்பதே சிக்கனமாக அமையக்கூடும்.

அளவும் தரமும்

6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் கனமுள்ள களத்திற்கு 3 கன மீட்டர் தேவை. அடிமண் சமன் செய்யப்படாமல் சராசரியாக 1 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால், 10 சதவீதம் கூடுதலாகச் செலவாகும். விலையில் பேரம் பேசிப் பெறும் சலுகை முழுவதும் இதிலேயே கரைந்துவிடலாம். நிலத்தைத் திமிசு போட்டு இறுக்கி, மட்டம் பார்த்த பிறகே ஆர்டர் கொடுக்க வேண்டும்.

வந்த அளவைச் சரிபார்க்க எடை மேடை உதவும். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டின் எடை சுமார் 2,400 கிலோகிராம். நிறை லாரியின் எடையிலிருந்து வெற்று லாரியின் எடையைக் கழித்து, 2,400 ஆல் வகுத்தால் அளவு ஏறக்குறையக் கிடைக்கும்.

'எம்20' என்பது 28 நாட்களில் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் வலிமையைக் குறிக்கும். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 (2000) விதிக்கும் குறைந்தபட்சத் தரம் இதுவே. கடற்கரையை ஒட்டிய இடங்களில் உயர்ந்த தரம் வேண்டும். விலைப்புள்ளியில் தரம், சிமெண்டின் அளவு, நிலக்கரிச் சாம்பல் சேர்க்கையின் அளவு ஆகியவற்றைக் குறிப்பிடக் கேட்க வேண்டும். சாம்பல் சேர்ப்பது குற்றமன்று; ஆனால் அதனால் குறையும் செலவு விலையிலும் தெரிய வேண்டும்.

கலவை இறுகலாக உள்ளதென்று தளத்தில் தண்ணீர் ஊற்றுவது வழக்கமாகிவிட்டது. கூடுதல் தண்ணீர் வலிமையைக் குறைக்கும். உயர்ந்த தரத்திற்குப் பணம் கொடுத்துத் தாழ்ந்த தரத்தைப் பெறுவதற்கு இது ஒப்பாகும். போட்ட தளத்தைச் சாதாரண சிமெண்டானால் 7 நாட்களும், சாம்பல் முதலியன கலந்ததானால் 10 நாட்களும் ஈரம் காயாமல் காக்க வேண்டும்.

சட்டத்தின் துணை

2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கும் பொருள் வணிக நோக்கமுடையதாகக் கருதப்படுவதில்லை. எனவே அளவோ தரமோ குறைந்தால் விவசாயி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை 2 ஆண்டுகளுக்குள் அணுகலாம். 5 இலட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் இல்லை. இதற்குத் தரமும் ஏற்றிய நேரமும் குறித்த டெலிவரி சலான், வரி ரசீது, எடைச் சீட்டு ஆகியவற்றைப் பத்திரப்படுத்துதல் இன்றியமையாதது.

கூட்டாக வாங்குதல்

எவ்வளவு கவனமாக வாங்கினாலும், பாதி லாரியின் நடைச் செலவைத் தனி விவசாயி தவிர்க்க இயலாது. அதைக் கூட்டு முயற்சியே தவிர்க்கும். 3 கன மீட்டர் தேவையுள்ள இரு அண்டை வீட்டார் ஒரே நாளில் வேலை வைத்துக்கொண்டால், ஒரு லாரி நிறைந்துவிடும். 6 கன மீட்டரின் எடை மட்டுமே 14 டன்னுக்கு மேலாகும். ஆகையால் ஊர்ப் பாதையும் சிறுபாலமும் தாங்குமா என்பதை முன்னதாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்கான அமைப்புகள் கேரளத்தில் ஏற்கனவே உள்ளன. 1980 இல் உருவான கேரளப் பால் கூட்டுறவு இணையத்தின் அடித்தளமாக விளங்கும் கிராமப் பால் சங்கங்கள், நெல் விவசாயிகளின் பாடசேகர சமிதிகள், 1998 இல் தொடங்கிய குடும்பஸ்ரீ குழுக்கள் ஆகியவை உறுப்பினர்களின் தேவையைப் பட்டியலிட்டு, மழையற்ற ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் ஒரே விலைப்புள்ளியின் கீழ் வாங்கலாம். பாலைத் தனித்தனியே விற்று நலிந்த உற்பத்தியாளர், கூட்டுறவின் மூலம் விலை பேசும் வலிமை பெற்றனர். விற்பதில் பயன் தந்த அதே ஒற்றுமை, வாங்குவதிலும் பயன் தரும்.