வாடகைக்கு எரிந்த விளக்குகள்

லாஸ் வேகஸ் நகரின் ஃப்ரீமான்ட் தெருவில் 1951 முதல் ஒரு கௌபாய் நிற்கிறான். உயரம் சுமார் 40 அடி. தகரத்தில் வெட்டிய உடம்பு, அதன் விளிம்பெல்லாம் நியான் குழல், பெயர் வேகஸ் விக். பயனியர் கிளப் என்ற சூதாட்ட விடுதிக்கு ஆள் கூப்பிட வைத்தார்கள். அந்த கிளப் 1995-இல் மூடப்பட்டுவிட்டது. விக் மட்டும் இடம் மாறவில்லை.

இந்த நகரத்தில் கட்டடங்களுக்கு ஆயுள் குறைவு. ட்யூன்ஸ் 1993-இல், சாண்ட்ஸ் 1996-இல், ஸ்டார்டஸ்ட் 2007-இல், ரிவியரா 2016-இல் என்று புகழ்பெற்ற விடுதிகளை ஒவ்வொன்றாக வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஆனால் அந்தக் காலத்துப் பெயர்ப்பலகைகளில் கணிசமானவை தப்பிப் பிழைத்திருக்கின்றன. கான்கிரீட் போய், கண்ணாடிக் குழல் எஞ்சியது எப்படி?

நியான் நாம் சுவாசிக்கும் காற்றிலேயே இருக்கிறது. பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 18 பங்கு. லண்டனில் வில்லியம் ராம்சேயும் மோரிஸ் டிராவர்ஸும் 1898-இல் குளிர்ந்து திரவமான வாயுக்களைப் பிரித்து ஆராய்ந்தபோது அது அகப்பட்டது. மின்சாரம் பாய்ச்சியதும் குழாய் முழுக்கச் செந்நிறம் பரவியது. பிறகு பிரான்சில், காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரிக்கும் தொழிலில் இருந்த ஜார்ஜ் கிளாட், உபரியாகச் சேர்ந்த நியானை நீளமான குழல்களில் அடைத்தார். 1910 டிசம்பரில் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் அவற்றை எரியவைத்துக் காட்டினார்.

குண்டு பல்பில் ஒளிர்வது கம்பி இழை. நியான் குழலில் அப்படி எதுவும் கிடையாது. இரு முனைகளிலும் மின்வாய்கள், நடுவே மிகக் குறைந்த அழுத்தத்தில் வாயு, அவ்வளவுதான். டிரான்ஸ்ஃபார்மர் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் கொடுக்கிறது. பெரிய குழல்களுக்கு அது 15,000 வோல்ட் வரை போகும். விரைந்தோடும் எலெக்ட்ரான்கள் வாயு அணுக்களில் மோத, அணுக்கள் வாங்கிய ஆற்றலை ஒளியாக வெளியிடுகின்றன. நியான் தருவது செம்மஞ்சள் கலந்த சிவப்பு மட்டுமே. நீலம் வேண்டுமென்றால் ஆர்கானும் ஒரு துளி பாதரசமும் சேர்ப்பார்கள். மற்ற நிறங்களை நிறக் கண்ணாடியும், குழலின் உட்புறம் பூசும் ஒளிர்பொடியும் தருகின்றன. அறுந்துபோக இழை இல்லாததால், நன்றாகச் செய்த குழல் பல பத்தாண்டுகள் எரியும்.

எழுத்தாக வளைப்பது இன்றும் கைவேலைதான். முழு அளவில் வரைந்த படத்தை மேசையில் விரித்து வைத்துக்கொள்வார்கள். படம் இடவலம் மாறியிருக்கும், ஏனென்றால் கலைஞர் எழுத்தின் முதுகுப் பக்கத்திலிருந்து வேலை செய்கிறார். கண்ணாடி தீயில் இளகியதும் வளைவு நசுங்கிவிடாதபடி, ஒரு முனையில் மாட்டிய ரப்பர் குழாய் வழியாக வாயால் ஊதிக்கொண்டே வளைப்பார். சில நொடிகளில் கண்ணாடி இறுகிவிடும். ஒரே குழல் பல எழுத்துகளாக ஓடும்போது, இடையில் வரும் இணைப்புகளுக்குக் கறுப்புச் சாயம் பூசி மறைப்பார்கள். பிறகு காற்றை உறிஞ்சி எடுத்து, உள்ளே ஒட்டியிருக்கும் அழுக்கை உயர் மின்னோட்டத்தால் சூடேற்றி வெளியேற்றி, கடைசியில் வாயுவை நிரப்புவார்கள்.

இந்தக் கலைக்கு லாஸ் வேகஸைப் போல இடம் கொடுத்த ஊர் வேறில்லை. 1905-இல் ரயில் பாதையோரம் மனை ஏலம் விட்டுப் பிறந்த சிற்றூர் அது. 1931-இல் நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. அதே ஆண்டில் அருகே ஹூவர் அணையின் கட்டுமானம் தொடங்கியது. அணையிலிருந்து 1936-இல் மின் உற்பத்தி ஆரம்பமானது. 1941-இல் ஊர் எல்லைக்கு வெளியே, லாஸ் ஏஞ்சலஸ் செல்லும் 91-ஆம் எண் நெடுஞ்சாலையில் எல் ரான்சோ வேகஸ் திறக்கப்பட்டது. அடுத்தடுத்து விடுதிகள் அந்தச் சாலையோரமே வரிசை கட்டின. இன்று உலகம் அறிந்த ‘ஸ்ட்ரிப்’ அதுதான்.

சுற்றிலும் இருண்ட பாலைவனம். காரில் விரைந்து வருபவர் கண்ணில் ஒரு விடுதி தென்படச் சில நொடிகளே அவகாசம். கட்டடங்களோ தாழ்வானவை, கார் நிறுத்தும் திடலுக்குப் பின்னால் ஒதுங்கியவை. எனவே கட்டடம் செய்யவேண்டிய வேலையைப் பலகை எடுத்துக்கொண்டது. 1958-இல் திறந்த ஸ்டார்டஸ்டின் முகப்பே ஒரு பலகைதான். 216 அடி நீளத்தில் கோள்களும் விண்மீன்களும் சூழ விடுதியின் பெயர். அதில் சுமார் 7,100 அடி நியான் குழல். முதல் ஸ்புட்னிக் பறந்து ஓராண்டுகூட ஆகாத நேரம் அது. கட்டடக்கலைஞர்கள் ராபர்ட் வென்ச்சூரி, டெனிஸ் ஸ்காட் பிரௌன், ஸ்டீவன் ஐசனூர் மூவரும் 1972-இல் வெளியிட்ட ‘லேர்னிங் ஃப்ரம் லாஸ் வேகஸ்’ நூல், கார் காலத்து நகரத்தில் பலகையே கட்டடக்கலை என்பதை விரிவாக வாதிட்டது.

ஸ்ட்ரிப்பின் தெற்கு முனையில் வருவோரை வரவேற்கும் பலகையை 1959-இல் வடிவமைத்தவர் பெட்டி வில்லிஸ். ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் ஒரு வெள்ளி டாலர் நாணயமாக, ‘வெல்கம்’ என்ற சொல்லை ஏழு வெள்ளை வட்டங்களில் அமைத்தார். காப்புரிமை எதுவும் அவர் கோரவில்லை. உலகெங்கும் சட்டைகளிலும் கோப்பைகளிலும் அந்த வடிவம் பரவியதற்கு இதுவே காரணம். 2009-இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் அது சேர்க்கப்பட்டது.

இனி, பலகைகள் பிழைத்த கதை. அவற்றைப் பெரும்பாலும் விடுதிகள் விலைக்கு வாங்கவில்லை. தாமஸ் யங் 1920-இல் யூட்டா மாநிலத்தில் தொடங்கிய யங் எலெக்ட்ரிக் சைன் நிறுவனம் போன்றவை பலகையைச் செய்து, வாடகைக்கு விட்டு, பழுதும் பார்த்தன. விடுதி பெயர் மாறினால், மூடினால், பலகை செய்தவரிடமே திரும்பியது. உதிரிபாகங்களுக்கு உதவும் என்று நிறுவனம் அவற்றைத் தன் திடலில் போட்டு வைத்தது. அந்தக் கிடங்கே பின்னாளில் நகரத்தின் நினைவாகிவிட்டது. 1996-இல் உருவான நியான் அருங்காட்சியகத்துக்கு அங்கிருந்து பலகைகள் வந்து சேர்ந்தன.

அருங்காட்சியகத்தின் வரவேற்புக் கூடமும் ஒரு பிழைத்த பொருள்தான். 1961-இல் பால் வில்லியம்ஸ் வடிவமைத்த லா காஞ்சா மோட்டலின் முன்கூடம் அது. மெல்லிய கான்கிரீட்டைச் சிப்பிபோல வளைத்த கூரை. இடிபட இருந்ததை எட்டுத் துண்டுகளாக அறுத்து, 2006-இல் புதிய இடத்துக்குக் கொண்டுவந்து மீண்டும் பொருத்தினார்கள். அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகத்தின் முதல் கறுப்பின உறுப்பினர் வில்லியம்ஸ். பக்கத்தில் உட்காரத் தயங்கும் வெள்ளை வாடிக்கையாளர்கள் எதிரில் அமர்ந்தபடியே பார்க்கட்டும் என்று, தலைகீழாக வரையக் கற்றுக்கொண்டவர்.

அவருடைய கூடத்துக்குப் பின்னால் இருக்கும் திறந்தவெளியில் மூலான் ரூஜ் விடுதியின் பலகையும் இருக்கிறது. அதன் ஓடுகிற கையெழுத்துப் பாணி பெட்டி வில்லிஸின் படைப்பு. ஸ்ட்ரிப்பில் பாடிய கறுப்பினக் கலைஞர்களுக்கே அங்கு தங்க அறை மறுக்கப்பட்ட நாட்களில், 1955-இல் எல்லா இனத்தவருக்கும் கதவு திறந்த முதல் விடுதி மூலான் ரூஜ். சில மாதங்களிலேயே மூடப்பட்டாலும், ஸ்ட்ரிப் விடுதிகளில் இனப் பாகுபாட்டை முடிவுக்குக் கொண்டுவந்த 1960-ஆம் ஆண்டின் உடன்பாடு அங்கேதான் எட்டப்பட்டது. அருங்காட்சியகம் அதன் எழுத்துகளைச் செப்பனிட்டு 2020-இல் மறுபடி எரியவைத்தது. சேகரிப்பிலுள்ள 200-க்கும் மேற்பட்ட பலகைகளில் பெரும்பாலானவை எரியும் நிலையில் இல்லை; பணம் திரட்டி, கண்ணாடி வளைக்கத் தெரிந்தவர்களைக் கொண்டு ஒவ்வொன்றாகச் சீர்செய்து வருகிறார்கள்.