மூலநிரலும் சார்புநிலையும்: பழைய அறிவியல் நூல்களை மின்வடிவாக்கல் குறித்து ஒரு விளக்கம்

ஈழத்தில் மேலைத்தேய அறிவியற் கல்வி கால்கொண்ட களங்களுள் வட்டுக்கோட்டைச் செமினரி (1823-1855) தலையாயது. 1847இல் வட்டுக்கோட்டைக்கு வந்து, பின்னர் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன், கட்டரின் உடற்கூற்று நூலைத் தமிழாக்கியபோது கலைச்சொற்களையும் உடன் ஆக்கவேண்டியிருந்தது. எந்த அறிவுப்படைப்பும் தனித்து நிற்பதில்லை. அதற்கு முன் நிகழ்ந்த பலரது உழைப்பின்மீதே அது நிற்கின்றது.

இத்தகைய பழைய நூல்களின் படங்களிலிருந்து எழுத்துக்களைப் பிரித்தறிய உதவும் டெசராக்ட் மென்பொருளும் இதற்கு விலக்கன்று. 1985க்கும் 1994க்கும் இடையில் ஹியூலெற்-பக்காட் நிறுவனத்தில் உருவான இதன் மூலநிரல் 2005இல் வெளியிடப்பட்டது. அதனை லினக்சில் நாமே தொகுக்க முற்படின், முதற்படியான ‘கன்பிகர்’ கட்டத்திலேயே ‘லெப்டோனிக்கா இல்லை’ எனப் பணி நின்றுவிடலாம். லெப்டோனிக்கா படங்களைக் கையாளும் நிரலகம். அது கணினியில் ஏற்கெனவே இருந்தும் இவ்வழு தோன்றுவதுண்டு. ஏனெனில், இயங்குவதற்கான கோப்பு வேறு. தொகுப்பதற்கு வேண்டிய தலைப்புக் கோப்புகள் வேறு. பின்னவை ‘டெவ்’ என முடியும் தனிப்பொதியில் உள்ளன. ஆகவே, இறுதி வரியை மட்டும் நோக்காது, முதலில் தோன்றிய வழுவைப் படித்து, அது கோரும் பொதியையும் பதிப்பெண்ணையும் அறிதல் வேண்டும்.

லெப்டோனிக்காவையும் மூலநிரலிலிருந்தே தொகுப்போர் அடியிலிருந்து தொடங்குதல் அவசியம். பிஎன்ஜி, டிஃப் முதலிய பட வடிவங்களுக்கான நிரலகங்கள் முதலில், லெப்டோனிக்கா அடுத்து, டெசராக்ட் இறுதியில். இவ்வரிசை பிறழின் விளைவு உடனே புலப்படாது. பட நிரலகமின்றியும் லெப்டோனிக்கா வழுவின்றித் தொகுக்கப்படும், டெசராக்டும் நிறுவப்படும். நூற்பக்கத்தைத் திறக்கும்போதே அது படிக்க மறுக்கும். டெசராக்டின் பதிப்பு விவரத்தைக் கேட்டால், இணைந்துள்ள பட நிரலகங்களை அது பட்டியலிடும். பட்டியலில் இல்லாததை நிறுவியபின் லெப்டோனிக்காவை மீண்டும் தொகுத்தல் வேண்டும். நிறுவிய நிரலகம் இயங்குநேரத்தில் அகப்படாவிடின் ‘எல்டிகன்பிக்’ கட்டளையை இயக்குதல் பொருந்தும். தமிழுக்கான பயிற்சித் தரவு மற்றொரு சார்பு. அதனைத் தனியே பெற்று உரிய கோப்புறையில் இடாவிடின் தமிழ்ப் பக்கம் தமிழாக வாசிக்கப்படாது.

இவை வெறும் தொழில்நுட்பச் சிக்கல்கள் எனக் கருதுதல் பொருந்தாது. மூலநிரல் திறந்திருப்பதனால் மட்டும் உற்பத்திச் சாதனம் நம் கைக்கு வந்துவிடுவதில்லை. அதனைத் தொகுக்கும் அறிவும் பொதுவுடைமையாதல் வேண்டும். அன்றேல் நமது நூல்களை வாசிப்பதற்கும் பிறர் தொகுத்துத் தருவதையே எதிர்பார்த்திருப்போம். எனவே, நிறுவிய ஒவ்வொரு பொதியின் பெயரையும் பதிப்பையும் வரிசையையும் பதிவுசெய்து, மூலநிரற் பிரதிகளுடன் அடுத்துவரும் மாணவருக்குக் கையளித்தலை ஆய்வுப்பணியின் பிரிக்கவியலாக் கூறாகவே நாம் கொள்ளவேண்டும்.