உங்களுக்குத் தெரியுமா? வானத்தில் கண்கள் விழித்த பேய்ப்படம்!

● 1964-இல் மசாகி கோபயாஷி இயக்கிய ஜப்பானியப் படம் ‘க்வைதான்’. ‘பேய்க்கதை’ என்பதே பெயரின் பொருள். நான்கு தனிக்கதைகள், ஓடும் நேரம் 3 மணிநேரத்துக்கும் மேல்.

● கதைகளை எழுதியவர் பிறப்பால் ஜப்பானியர் அல்லர். கிரேக்கத் தீவொன்றில் பிறந்த லாஃப்காடியோ ஹெர்ன், 1890-இல் ஜப்பான் சென்று, கொய்சுமி யாகுமோ என்று பெயர் மாற்றிக்கொண்டு அங்கேயே வாழ்ந்தார்.

● இரண்டாம் கதையில் வருபவள் ‘யுகி ஒன்னா’ என்னும் பனிப்பெண். மூச்சுக்காற்றாலேயே ஆளை உறைய வைத்துக் கொல்பவள். “என்னைப் பார்த்ததை யாரிடமும் சொல்லாதே” என்று ஓர் இளம் விறகுவெட்டியை மட்டும் விட்டுவிடுகிறாள். பல ஆண்டுகள் கழித்து அவன் மனைவியிடம் வாய் தவறிச் சொல்கிறான். அந்த மனைவியே பனிப்பெண்!

● அந்தக் கதையின் வானம் நிஜ வானம் அல்ல; கையால் தீட்டிய பிரம்மாண்டத் திரைச்சீலை. அதில் விழிக்கும் கண்கள் விறகுவெட்டியைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

● மூன்றாம் கதையில், பேய்களின் கண்ணில் படாமலிருக்க, பார்வையற்ற இசைக்கலைஞன் ஹோய்ச்சியின் உடல் முழுக்கப் புத்த மந்திரம் எழுதுகிறார்கள். காதுகளில் எழுத மறந்துவிடுகிறார்கள். பேய் காதுகளைப் பிய்த்துச் செல்கிறது.

● படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்குப் போனபோது பனிப்பெண் கதையையே வெட்டிவிட்டார்கள்.

● 1965 கான் விழாவில் சிறப்பு நடுவர் பரிசு பெற்ற இப்படம், ஆஸ்கர் போட்டிக்கும் பரிந்துரைக்கப்பட்டது.